நான் சொன்ன ‘யெஸ், யெஸ்’

போன மாதம் ஒரு பிறந்தநாள் விருந்தில், லைசென்ஸ் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒரு பிள்ளை தன் போனில் ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டினார். ஒரு கட்டடத்தின் மேல் விரலை வைத்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் விழுகிறது. வட்டத்துக்குள் பள்ளிக்கூடமோ தேவாலயமோ ஆஸ்பத்திரியோ அகப்பட்டால் அந்த இடம் சிவப்பாகிவிடுகிறது. அங்கே போக்கி என்கிற சூதாட்ட மெஷின் வைக்க யாராவது கேட்டால் யோசிக்க வேண்டும் என்று அர்த்தம். நாங்கள் ஒரு கிழமை, ஏழு நாளும், அலைந்து செய்த வேலை அது. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

“நாலு பேர் பின்னேரத்தில கூடித் தேத்தண்ணி குடிக்கிற ஒரு ஹோல் உந்த வட்டத்துக்குள்ள இருந்தால் என்ன நிறம் வரும்?” என்று கேட்டேன்.

“அது லிஸ்ட்ல இல்லை, அங்கிள்.”

சரியான பதில்தான். எழுபதுகளில் நானும் இதே பதிலைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன். அதைக் கேக் தின்றுகொண்டே சொல்லி முடிக்க முடியாது என்பதால் எழுதித் தருகிறேன். இதில் வருகிறவர்களில் பாதிப்பேர் பேசியது ஆங்கிலம். எனக்கு அவர்கள் குரல் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். பிழை பிடிக்க வராதீர்கள்.

அப்போது சிட்னிப் பக்கத்தில் கிளப்புகளில் மட்டும்தான் போக்கி மெஷின் இருந்தது. மெல்பேர்ன்காரர் அதற்காகவே பஸ் பிடித்து மாநில எல்லை தாண்டி வருவார்கள். இப்போது இருப்பதுபோல் பொத்தானும் திரையும் இல்லை. காசைப் போட்டுப் பக்கத்தில் இருக்கும் இரும்புக் கையை இழுக்க வேண்டும், உள்ளே சில்லுகள் சுழன்று படங்கள் வந்து நிற்கும். அதிர்ஷ்டம் அடித்தால் கீழே தகரத் தட்டில் காசு கொட்டும். அந்தத் தகரச் சத்தத்தை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

நான் கொழும்பில் கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயத்து உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்து, பல இடங்களில் ‘உங்கள் ஆங்கிலம் விளங்கவில்லை’ என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் லைசென்ஸ் பிரிவில் ஒரு பரிசோதகர் வேலை பிடித்திருந்தேன். அதுவும் தகுதிகாண் காலம். ஆறு மாதம் முடிந்ததும் மேலதிகாரி கையெழுத்துப் போட்டால் நிரந்தரம், போடாவிட்டால் வீட்டுக்கு. அந்த மேலதிகாரிக்குப் பெயர் வேண்டாம். பெயரை எழுதினால் கல்லறையிலிருந்து எழும்பி வந்து திட்டுவார். உயரமான மனிதர், எப்போதும் ஒரே மண்ணிறக் கம்பளிச் சட்டை. புகழ்ந்து பேசத் தெரியாது. உங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தால் அதுதான் பாராட்டு.

ஐந்தாவது மாதம் எனக்கு ஒரு ஃபைல் வந்தது. பரமட்டாவுக்கு அப்பால் ஒரு புறநகர். அங்கே ஒரு கிளப்பின் பழைய கட்டடம் ஒழுகிக்கொண்டிருந்தது. பிரதான வீதியில் மூடிக் கிடந்த, மேசை கட்டில் விற்ற தளபாடக் கடைக்கு மெஷின்களோடு இடம் மாற அனுமதி கேட்டிருந்தார்கள். என் வேலை, போய்ப் பார்த்து, பக்கத்தில் பள்ளிக்கூடம், தேவாலயம், ஆஸ்பத்திரி உண்டா என்று படிவத்தில் இருந்த மூன்று பெட்டிகளையும் நிரப்புவது. அயலவர்களுக்கு ஆட்சேபணை இருந்தால் குறித்த நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். பிறகு ஒரு நீதவான் முன்னால் விசாரணை.

ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். மூன்று பெட்டிக்கும் ‘இல்லை’. ஆனால் தளபாடக் கடைக்கு மூன்று கடை தள்ளி ஒரு சிறிய செங்கல் மண்டபம் இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டு, ஒரு பெரிய எனாமல் கேத்தலில் தேநீர். அதை நடத்துகிறவர் மொறீன் என்ற பெண், ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். மூலையில் முழங்காலில் நின்று ஒரு கதிரைக் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் அவருடைய கணவர் கென், பஸ் ஓட்டுநர்.

போக்கி விளையாட்டை விட நினைக்கிறவர்கள் செவ்வாயும் வியாழனும் அங்கே கூடுகிறார்கள். பேசுவார்கள், தேநீர் குடிப்பார்கள், போவார்கள். வேறொன்றும் இல்லை.

“இவரும் அப்பிடி வந்தவர்தான்,” என்றார் மொறீன், குரலைத் தாழ்த்தாமலே. “மகளின்ர கலியாணத்தண்டு படம் எடுக்கிற நேரம் ஆளைக் காணேல்லை. எங்க நிண்டவர் எண்டு நினைக்கிறியள்? மெஷினுக்கு முன்னால, கோட்டில பூக்குத்தினபடி. அந்தப் படத்தில இவர் இல்லை. இப்ப எட்டு மாதமாய்த் தொடேல்லை.”

“யெஸ், யெஸ்,” என்றேன்.

“பஸ் ஸ்டொப்பில இறங்கினால் அந்தத் தளபாடக் கடையைத் தாண்டித்தான் இங்க வரவேணும். வேற வழி இல்லை. கிளப் அங்க வந்தால் கதவு திறக்கிற ஒவ்வொரு தரமும் அந்தச் சத்தம் றோட்டுக்கு வரும்.”

“யெஸ், யெஸ்.”

“இதை நாங்கள் வேண்டாம் எண்டுறம். அதை நீங்கள் குறிச்சிட்டியள். அப்ப எங்கட ஆட்சேபணை உங்களிட்ட வந்திட்டுது எண்டு நான் எடுக்கலாம்தானே?”

“யெஸ், யெஸ்,” என்று தலையையும் இரண்டு பக்கம் ஆட்டினேன்.

எனக்கு மனம் இளகிப் போயிருந்தது. கலியாணப் படத்தில் தகப்பன் இல்லாத இடம் கண்ணுக்கு முன்னால் நின்றது. மொறீன் எப்போது கதையை விட்டுக் கேள்விக்கு மாறினார் என்பதே எனக்கு உறைக்கவில்லை. அவர் எனக்கு இரண்டு பிஸ்கட் தந்தார். கென் ஆணியை வாயில் வைத்தபடி தலையசைத்து வழியனுப்பினார்.

அறிக்கையின் கடைசியில் ‘அருகில் ஒரு பொது மண்டபமும் உண்டு’ என்று ஒரே ஒரு வரி எழுதினேன். மேலதிகாரி அந்த வரியில் விரலை வைத்தார்.

“என்ன ஹோல்?”

சொன்னேன். “ஆனால் அது பட்டியலில இல்லை, சேர். பள்ளிக்கூடமும் இல்லை, சேர்ச்சும் இல்லை.”

“சட்டத்தில இல்லை. றோட்டில இருக்கு,” என்றார் அவர். “ஆட்சேபணை வந்ததா?”

“வரேல்லை, சேர். வாயால சொல்லுற ஆக்கள் எழுதமாட்டினம்.”

இதை நான் பெரிய அனுபவசாலி மாதிரிச் சொன்னேன். வேலைக்கு வந்து ஐந்து மாதம். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு ஃபைலை மூடினார். வெள்ளிக்கிழமையோடு ஆட்சேபணைக்கான நாள் முடிந்தது.

ஞாயிறு காலை நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக் குசினியில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி இடியப்பம் பிழிந்துகொண்டே, தன் டிறைவிங் சோதனைக்கு நாள் எடுத்துத் தரச் சொன்னது என்னவாயிற்று என்று கேட்டாள்.

“எப்ப சொன்னனீர்?”

“போன கிழமை முழுக்கச் சொன்னனான். ஒவ்வொரு தரமும் ஓம் ஓம் எண்டனீங்கள்.”

“ஓம் எண்டது நீர் சொல்லுறதைக் கேக்கிறன் எண்டதுக்கு. செய்யிறன் எண்டு சொன்னனானே?”

“நல்லாயிருக்கு கதை. ஆறு வருஷமாய் உங்களோட இருக்கிறன், எது எந்த ஓம் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் நானே போன் பண்ணி நாளும் எடுத்திட்டன். பிற ஆக்களிட்டயும் உப்பிடிச் சொல்லித் திரியாதேங்கோ, நம்பிப்போடுவினம்.”

பேப்பரை மடித்து வைத்தேன். அந்த மண்டபத்தில் நான் எத்தனை தரம் யெஸ் சொன்னேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நாங்கள் வளர்ந்த இடத்தில் ஒருவர் துன்பம் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் மரியாதைக் குறைவு. ‘ஆமாம்’ என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் ஓம். அதை ஓம், ஓம் என்று கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஓமை நான் அப்படியே ஆங்கிலத்தில் போட்டிருக்கிறேன். அங்கே யெஸ் என்றால் யெஸ்தான்.

திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போகாமல் நேரே மண்டபத்துக்குப் போனேன். மொறீன் ஒரு நீலக் கோட்டை மேசையில் விரித்து இஸ்திரி போட்டு அழுத்திக்கொண்டிருந்தார். புதன்கிழமை விசாரணைக்குப் போட்டுக்கொண்டு வரத்தான். கென் யன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்கள் ஒண்டும் எழுதி அனுப்பேல்லையே?” என்று கேட்டேன்.

“ஏன் அனுப்பவேணும்? உங்களிட்டச் சொல்லிட்டன். வந்திட்டுதோ எண்டு கேட்டன். நீங்கள் யெஸ் எண்டியள்.”

விளக்கினேன். எழுத்தில் வராத ஆட்சேபணை ஆட்சேபணையே இல்லை என்றும், நாள் வெள்ளியோடு முடிந்துவிட்டது என்றும், பிழை என்னுடையது என்றும் சொன்னேன். மொறீன் அழுத்தியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கோட்டை மடித்தார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கென்தான் பேசினார். “இங்க வாற ஆக்களிட்டயெல்லாம் நான் சொல்லிப்போட்டன். இலாகா ஆள் நல்ல மனுசன், பாத்துக்கொள்ளும், பயப்பிடாதேங்கோ எண்டு.” அதில் கோபம் இல்லை. தகவல் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு வெட்கத்தில் நிலத்தைத்தான் பார்க்க முடிந்தது.

மொறீனைக் கொண்டு அங்கேயே ஆட்சேபணையை எழுதுவித்து வாங்கிக்கொண்டு அலுவலகம் வந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம், கவுண்டரில் ஆளில்லை. திகதி முத்திரை அங்கே கிடந்தது. பெருவிரலால் உருட்டித் திகதி மாற்றும் சிறிய பல்லுச் சில்லு உள்ள முத்திரை. மூன்று பல்லுப் பின்னால் உருட்டினால் வெள்ளிக்கிழமை. ஒரு குத்து, பிறகு எல்லாம் சரி. மொறீனுக்கு நியாயம் கிடைக்கும், என் வேலையும் தப்பும், யாருக்கும் நட்டமில்லை. பிள்ளைகளே, பொய் சொல்லமாட்டேன், நான் உருட்டினேன். இரண்டு பல்லு உருட்டிவிட்டேன்.

“முன்னுக்கு உருட்டு,” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

மேலதிகாரி கையில் சான்விச்சோடு நின்றார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் சான்விச்சைத் தின்று முடிக்கும்வரை கேட்டார். ஒரு யெஸ்கூடச் சொல்லவில்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

“அந்த மனுசி எழுதினது உண்மை. அதுக்கு மேல நீ பொய்யைக் குத்தப் போறாய். ஆராவது கண்டுபிடிச்சால் முதலில விழுறது அவவின்ர கடிதம்,” என்றார். “பிழை விட்டது ஆர்?”

“நான்தான், சேர்.”

“அப்ப அதையும் எழுதி அவவின்ர கடிதத்தோட வை. நீதவான் முன்னால நீயே வாசி.”

“எனக்கு இன்னும் மூண்டு கிழமையில தகுதிகாண் முடியுது, சேர்.”

“தெரியும். நான்தான் கையெழுத்துப் போடவேணும்,” என்று சொல்லிவிட்டுக் கடதாசியைச் சுருட்டிக் கூடையில் போட்டுவிட்டுப் போனார். போடுவாரா மாட்டாரா என்று அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

புதன்கிழமை விசாரணை அறை நிறைந்திருந்தது. கிளப் ஆட்கள் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் புறநகரில் தனியாக இருக்கிற கிழவர்களுக்குச் சூடான சாப்பாடு போட்ட இடம் அது. கிளப் செயலாளர் தடித்த கண்ணாடி போட்ட சாதுவான மனிதர், நான் முதல் நாள் போனபோது எழும்பி நின்று கைகொடுத்தவர். இந்த ஊரில் அப்போது எல்லாரும் எனக்குக் கைகொடுக்கவில்லை.

என் பிழையை வாசித்தேன். நீதவான் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “அந்தப் பெண்ணிடம் யெஸ் என்று சொன்னீர்கள். ஆனால் யெஸ் என்று கருதவில்லை. விளக்குங்கள்.”

விளக்கினேன். எங்கள் ஊர், எங்கள் ஓம், மரியாதை எல்லாம். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. கிளப்பின் வக்கீல் எழுந்தார்.

“இவர் இன்று காலையிலிருந்து இந்த அறையிலும் நாலைந்து தரம் யெஸ் சொல்லியிருக்கிறார். அதெல்லாம் எந்த யெஸ் என்று நாங்கள் எப்படி அறிவது?”

அறை முழுக்கச் சிரித்தது. கெட்டிக்காரக் கேள்விதான், இப்போது என்னாலும் சிரிக்க முடிகிறது. நீதவான் சிரிக்கவில்லை. “நானும் அதை அறிய விரும்புகிறேன்,” என்றார். “அந்தப் பெண் குறித்த நாளுக்கு முன்பே உங்களிடம் தன் ஆட்சேபணையைச் சொன்னாரா?”

“யெஸ்,” என்றேன். ஒரே ஒரு தரம். தலை ஆடாமல் இருக்கக் கழுத்தை இறுக்கிப் பிடித்தேன். “இது, உண்மை என்று சொல்கிற யெஸ், ஐயா. வேலை போனாலும் இதுதான்.”

அப்போது கிளப் செயலாளர் தன் வக்கீலின் கையைத் தொட்டு உட்காரச் சொன்னார். “அவ கதைக்கட்டும்,” என்றார். “எங்கட மெம்பர்மார் சிலபேரும் அந்த ஹோலுக்குப் போறவைதான்.”

நீலக் கோட்டோடு மொறீன் எழும்ப, பக்கத்தில் இருந்த கென் அவருடைய தோளில் கைவைத்து இருத்திவிட்டுத் தானே எழும்பினார். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே பேசினார்.

“தகரத்தில காசு விழுற சத்தம் மூண்டு கடை தள்ளிக் கேக்காது எண்டு கிளப் சொல்லுது. சரி, உங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும். நான் கிளப்பை மூடச் சொல்லேல்லை. நான் நடக்கிற பக்கம் கதவு வைக்காதேங்கோ எண்டு கேக்கிறன்.”

அவ்வளவுதான் பேச்சு. இருந்துவிட்டார்.

கிளப்புக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் வீதிப் பக்கக் கதவை அடைத்துச் சுவர் எழுப்ப வேண்டும், மெஷின் அறை பின்புறம், வாசல் பக்கத்துத் தெருவில் என்று நீதவான் கட்டளை போட்டார். வெளியே வந்ததும் மொறீனிடம் ஓடிப்போய்ச் சந்தோஷமா என்று கேட்டேன். “பாதி,” என்றார். “சுவர் இருந்தாலும் உள்ளுக்கு மெஷின் இருக்குத்தானே.” அவர் சொன்னது சரி. நம் வேலையில் பெரும்பாலும் பாதிதான் கிடைக்கும். முழுதும் கிடைத்துவிட்டது என்று யாராவது உங்களிடம் சொன்னால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மேலதிகாரி என் தகுதிகாண் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டினார். அதன் முடிவில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கு மேலே அவர் எழுதியிருந்ததைப் பல வருஷம் கழித்து என் ஃபைலில் பார்த்தேன். ‘பிழை விடுவார். சொல்லுவார்.’ இரண்டே வசனம்.

அன்றிலிருந்து யாராவது என்னிடம் குறை சொல்லும்போது வாயை இறுக மூடிக்கொண்டு கேட்பேன். முடிவில், ‘நீங்கள் சொன்னதைக் கேட்டேன், செய்வேன் என்று இன்னும் சொல்லவில்லை, இதை இந்த நாளுக்குள் எழுதித் தாருங்கள்’ என்று ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன். அலுவலகத்தில் அதை வைத்து என்னைப் பகிடி பண்ணாத நாளில்லை. பண்ணட்டும்.

அடுத்த வருஷம் அந்தப் பக்கம் வேறொரு வேலையாகப் போனவன் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தேன். கென் வழக்கம்போல ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். மொறீன் என்னைக் கண்டதும் தேநீர் ஊற்றி, வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். போன குளிர்காலம் எனக்குக் காய்ச்சல். ஒரு வியாழக்கிழமை. இவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு தனியா வெளிக்கிட்டார். நேரே ஹோலுக்குத்தானே போறியள் எண்டு கேட்டன். யெஸ், யெஸ் எண்டார். ரெண்டு தரம். எனக்கு உடன உங்கட ஞாபகம் வந்தது. இது எந்த யெஸ் கென் எண்டு கேட்டன். காதால கேட்டன் எண்ட யெஸ்ஸோ, செய்வன் எண்ட யெஸ்ஸோ?”

நான் கோப்பையை வாசல் படியில் வைத்தேன்.

“கதவுப் பிடியில கை. கனநேரம் அப்பிடியே நிண்டார். பிறகு வந்து கட்டில் விளிம்பில இருந்து, ‘கேட்டன் எண்ட யெஸ்தான்’ எண்டு சொன்னார். சொல்லிப்போட்டு அழுதார். நான் இரவு உடுப்புக்கு மேல அந்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு எழும்பினன். கையைப் பிடிச்சுக்கொண்டு ரெண்டுபேருமாய் அந்தச் சுவரைத் தாண்டி இங்க வந்தம். இருபது வருஷமாய் அவர் யெஸ் எண்டு சொல்ல நான் நம்பிக்கொண்டிருந்தன். எந்த யெஸ் எண்டு கேக்கலாம் எண்டது எனக்குத் தெரியாது.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “நான் சொல்லுறதைக் கேக்கிறியளோ?”

யெஸ் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஓம்,” என்றேன், தமிழிலேயே. மொறீனுக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் அது எந்த ஓம் என்று அவர் கேட்கவில்லை.